ஓஎஸ் மாற்றியதும் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? காரணத்தைப் பிடிக்க முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததிலிருந்து பலர் விண்டோஸ் 11-க்கோ லினக்ஸுக்கோ மாறிவிட்டார்கள். மாறிய சில நாட்களில், அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சிஸ்டம் நேரங்காலம் பார்க்காமல் ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கினால் பழி நேராக புதிய ஓஎஸ் மேல் விழும். பல நேரம் அந்தப் பழி சரிதான். ஆனால் ஓஎஸ் மாறும்போது திரையில் தெரியும் முகம் மட்டும் மாறுவதில்லை. டிரைவர்கள் (ஒவ்வொரு ஹார்டுவேரையும் இயக்கும் மென்பொருள்கள்) மாறுகின்றன. சிபியுவைத் தூங்கவைத்து எழுப்பும் முறை மாறுகிறது. பயாஸில் (ஓஎஸ்ஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டு மென்பொருள்) செக்யூர் பூட், டிபிஎம் எனச் சில பாதுகாப்பு செட்டிங்குகளைத் தொட்டிருப்பீர்கள். புதிய எஸ்எஸ்டி போட கேபினட்டைத் திறந்திருப்பீர்கள். ஏற்கெனவே விளிம்பில் நின்ற ரேமோ பவர் சப்ளையோ இந்த மாற்றத்தில் விழுந்திருக்கவும் கூடும்.

அதனால் "எதை மாற்றிப் பார்க்கலாம்" என்று தொடங்காதீர்கள். யார் ரீஸ்டார்ட் செய்தது என்று முதலில் கண்டுபிடியுங்கள். வாய்ப்பு மூன்றுதான். ஓஎஸ்ஸே முறைப்படி உத்தரவு போட்டு ரீஸ்டார்ட் செய்திருக்கலாம். கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) கிராஷ் ஆகி, அதன் விளைவாக ரீஸ்டார்ட் ஆகியிருக்கலாம். அல்லது ஓஎஸ்ஸுக்குத் தெரியாமலே கீழிருந்து மின்சாரமோ மதர்போர்டோ சிபியுவோ ரீசெட் அடித்திருக்கலாம். மூன்றும் லாகில் (சிஸ்டம் தானே எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவில்) வேறுவேறு தடம் விடும். மூன்றாவது பெரும்பாலும் தடமே விடாது. தடம் இல்லாமல் இருப்பதும் ஒரு சாட்சிதான்.

கை வைக்கும் முன்

முக்கியமான கோப்புகளை வேறொரு டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் ரீசெட் ஆகும் சிஸ்டத்தில் ஃபைல் சிஸ்டம் கெடுவது சாதாரணம்.

விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால், நீங்கள் கேட்காமலே டிரைவ் என்கிரிப்ட் ஆகியிருக்கலாம். அந்த என்கிரிப்ஷனைச் செய்யும் பிட்லாக்கரின் 48 இலக்க ரெகவரி கீயை இப்போதே எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். பின்னால் பயாஸ் அப்டேட் செய்யும்போதோ சேஃப் மோடுக்குள் (அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் எழும் நிலை) போகும்போதோ அந்த எண்ணைக் கேட்டு சிஸ்டம் நின்றுவிடும். அது கையில் இல்லையென்றால் ரீஸ்டார்ட் பிரச்சினை சிறிய பிரச்சினையாகிவிடும்.

அடுத்து, ஓவர்கிளாக் (வேகத்தை ஏற்றியது), அண்டர்வோல்ட் (வோல்டேஜைக் குறைத்தது), கர்வ் ஆப்டிமைசர் (ரைசனில் கோர்வாரியாக வோல்டேஜை மாற்றுவது), எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ மெமரி புரொஃபைல் (ரேமை அதன் இயல்பைவிட வேகமாக ஓட்டுவது) எது இருந்தாலும் பயாஸில் அணைத்துவிடுங்கள். "பழைய ஓஎஸ்ஸில் இதே செட்டிங்கில் ஓடியதே" என்ற வாதம் செல்லாது. புதிய ஓஎஸ் சிபியுவின் கோர்களை வேறு விதமாகப் பயன்படுத்துகிறது, வேறு நேரங்களில் தூங்கவைக்கிறது. முன்பு எட்டாத வோல்டேஜ் புள்ளியை இப்போது எட்டும்.

கடைசியாக ஒரு சின்ன நோட்டு. ஒவ்வொரு முறையும் நேரம், அப்போது ஓடிக்கொண்டிருந்த வேலை (கேம், வீடியோ, சும்மா இருந்தது, ஸ்லீப்பிலிருந்து எழுந்தது), திரையில் ஏதாவது வந்ததா, ஃபேன் முழுதாக நின்று மறுபடி சுற்றியதா என்று எழுதுங்கள். ஃபேன் விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. ஃபேன் நின்று, ஓரிரு நொடி அமைதிக்குப் பிறகு சிஸ்டம் எழுந்தால் மின்சாரமே துண்டானதாக எடுத்துக்கொள்ளலாம். ஃபேன் நிற்காமல் திரை மட்டும் கருத்து மதர்போர்டு லோகோ வந்தால் அது ரீசெட் அல்லது கிராஷ்.

தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்துங்கள்

விண்டோஸ் கிராஷ் ஆனால் எரர் திரையைக் காட்டி உடனே ரீஸ்டார்ட் ஆகிவிடும்படிதான் இயல்பாக அமைக்கப்பட்டிருக்கிறது. வேகமான எஸ்எஸ்டி உள்ள சிஸ்டத்தில் அந்தத் திரை கண்ணில் படாமலே போய்விடும். ஸ்டார்ட் மெனுவில் "அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்" என்று தேடித் திறங்கள். அட்வான்ஸ்டு டேபில் ஸ்டார்ட்டப் அண்டு ரெகவரிக்குக் கீழே உள்ள செட்டிங்ஸ் பொத்தானை அழுத்தி, "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அதே பெட்டியில் டம்ப் (கிராஷ் நேரத்து மெமரியின் நகல்) வகையை "ஸ்மால் மெமரி டம்ப்" என்று மாற்றுங்கள். பேஜ் ஃபைலை (ரேமுக்குத் துணையாக டிரைவில் இருக்கும் கோப்பு) யாராவது அணைத்து வைத்திருந்தால் சி டிரைவில் மறுபடி இயக்குங்கள். அது இல்லாமல் டம்ப் எழுதப்படாது.

இதற்குப் பிறகு சிஸ்டம் எரர் திரையில் நின்றால் அது இரண்டாம் வகை, கெர்னல் கிராஷ். புதிய விண்டோஸ் 11 பதிப்புகளில் அந்தத் திரை நீலமாக இல்லாமல் கருப்பாக வரும். டிக்கை எடுத்த பிறகும் எந்தத் திரையும் இல்லாமல் பட்டென்று ரீஸ்டார்ட் ஆனால், மூன்றாம் வகைப் பக்கம் பாதி வந்துவிட்டீர்கள்.

லாகைப் படிப்பது

ஈவன்ட் வியூவரைத் திறந்து விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போங்கள். நோட்டில் எழுதிய நேரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள பதிவுகளைப் பாருங்கள். தேட வேண்டிய எண்கள் சில:

- 1074: ஏதோ ஒரு புரோகிராம் முறைப்படி ரீஸ்டார்ட் கேட்டிருக்கிறது. எந்த புரோகிராம் என்ற பெயரும் அதிலேயே இருக்கும்.
- 6008: முந்தைய ஷட்டவுன் எதிர்பாராதது என்ற குறிப்பு. இதிலிருந்து நேரம் மட்டும் கிடைக்கும், காரணம் கிடைக்காது.
- 1001, மூலம் பக்செக்: கெர்னல் கிராஷ் பதிவாகி, டம்பும் எழுதப்பட்டிருக்கிறது.
- 41, மூலம் கெர்னல்-பவர்: சரியாக ஷட்டவுன் ஆகாமல் சிஸ்டம் மறுபடி எழுந்திருக்கிறது.
- 17, 18, 19, மூலம் டபிள்யூஎச்இஏ-லாகர்: ஹார்டுவேரே தன் பிழையைச் சொல்கிறது.

41-ஐப் பார்த்ததும் "பவர் சப்ளை போச்சு" என்று முடிவு கட்டிவிடுபவர்கள் நிறைய. அந்தப் பெயரில் பவர் என்ற சொல் இருப்பதால் வந்த வினை அது. 41 எழுதப்படுவது விழுந்தபோது இல்லை, அடுத்த முறை எழுந்தபோது. "கடந்த முறை ஒழுங்காக விடைபெறவில்லை" என்பதற்கு மேல் அதன் தலைப்பு எதுவும் சொல்வதில்லை. சங்கதி உள்ளே இருக்கிறது. பதிவின் டீடெயில்ஸ் டேபைத் திறந்து பக்செக்கோடு என்ற வரியைப் பாருங்கள்.

அது பூஜ்ஜியமாக இல்லையென்றால் கெர்னல் கிராஷ். அந்த எண் தசமத்தில் இருக்கும், ஆனால் இணையத்தில் எல்லா விளக்கமும் பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண்ணில் இருக்கும். விண்டோஸ் கால்குலேட்டரை புரோகிராமர் மோடில் வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். 292 என்றால் பதினாறடிமானத்தில் 124, 278 என்றால் 116.

பக்செக்கோடு பூஜ்ஜியம் என்றால் பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப் வரியைப் பாருங்கள். அதில் எண் இருந்தால் யாரோ பவர் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள், அல்லது அந்தப் பட்டன் ஒட்டிக்கொள்கிறது. அதுவும் பூஜ்ஜியம் என்றால் விண்டோஸுக்கு எதையும் எழுத அவகாசமே கிடைக்கவில்லை. நிற்க ஒரு விதிவிலக்கு: ஓஎஸ் இருக்கும் எஸ்எஸ்டியே நடுவில் காணாமல் போனாலும் டம்ப் எழுத இடமிருக்காது, எண்ணும் பூஜ்ஜியமாக வரலாம். அதனால் பூஜ்ஜியம் என்றதும் மின்சாரம் மட்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் வகை: உத்தரவின்பேரில் நடந்தது

சிஸ்டம் நடக்கும்போதே "ரீஸ்டார்டிங்" என்று எழுத்து காட்டி, புரோகிராம்களை மூடி, பிறகு போனால் இதுதான். 1074-ல் உள்ள பெயர் விண்டோஸ் அப்டேட்டைச் சேர்ந்ததாக இருந்தால், புதிதாக நிறுவிய முதல் சில நாட்களில் டிரைவரும் அப்டேட்டும் வரிசையாக வருவது இயல்பு. எல்லா அப்டேட்டையும் ஒரே மூச்சில் நிறுவி, பாக்கி இல்லை என்று வரும்வரை நீங்களே ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு ஆக்டிவ் அவர்ஸை (அப்டேட் தானாக ரீஸ்டார்ட் செய்யாத நேரம்) உங்கள் வேலை நேரத்துக்கு அமையுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை, கடிகாரம் பார்த்ததுபோல அணைகிறதா? நிறுவியது எவாலுவேஷன் பதிப்பா என்று பாருங்கள். என்டர்பிரைஸ் எவாலுவேஷன் 90 நாள் ஓடும். கெடு முடிந்ததும் மணிக்கொரு முறை தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். சிஸ்டம் லாகில் உரிமக் காலம் முடிந்தது என்ற வரியே இருக்கும். அதற்கு ரேமை மாற்றிப் பயனில்லை. முறையான பதிப்பை நிறுவ வேண்டும்.

இரண்டாம் வகை: கெர்னல் கிராஷ்

ஓஎஸ் மாற்றத்தை நேரடியாகக் குற்றம் சொல்ல முடிகிற இடம் இது. பெரும்பாலும் டிரைவர்தான்.

சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்ற கோப்புறை இருக்கும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து விண்டிபிஜி கருவியை நிறுவி, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, கடைசி டம்பைத் திறக்கச் சொல்லுங்கள். தோன்றும் "அனலைஸ்" இணைப்பை அழுத்திக் காத்திருந்தால் நீளமான அறிக்கை வரும். அதில் மாட்யூல் நேம், இமேஜ் நேம் என்ற வரிகள் முக்கியம். அங்கே ஒரு கிராபிக்ஸ், நெட்வொர்க் அல்லது ஆன்ட்டிவைரஸ் டிரைவரின் பெயர் இருந்தால் நல்ல தடயம். கெர்னல் ஃபைலின் பெயரே இருந்தால் அதை நம்பி விண்டோஸைத் திட்ட வேண்டாம். வேறு யாரோ கெடுத்த மெமரியை கெர்னல் மிதித்திருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். ஒரு டம்பை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். மூன்று நான்கு டம்ப்களில் ஒரே பெயர் வந்தால் அது டிரைவர். ஒவ்வொன்றிலும் வேறு எண், வேறு பெயர் என்று சிதறினால் ரேமைச் சந்தேகியுங்கள்.

அடிக்கடி வரும் எண்கள், 41-ல் தெரியும் தசம வடிவில்: 159 என்றால் ஸ்லீப்பில் போகவோ எழவோ மறுத்த டிரைவர். 209 என்றால் தொடக்கூடாத மெமரியைத் தொட்ட டிரைவர், இதில் நெட்வொர்க் டிரைவர்கள் அதிகம். 278 கிராபிக்ஸ் பதில் சொல்லாமல் போனது. 307 டிபிசி வாட்ச்டாக் (டிரைவரின் வேலை குறித்த நேரத்தில் முடியாதது), சேமிப்பக டிரைவரும் எஸ்எஸ்டி ஃபர்ம்வேரும் இதில் வழக்கமான ஆட்கள். 26 மெமரி மேனேஜ்மென்ட். 292 ஹார்டுவேர் தானே சொன்ன பிழை. அது வந்தால் டிரைவர் வேட்டையை நிறுத்திவிட்டு மூன்றாம் வகைக்குப் போங்கள்.

டிரைவர்களைச் சரிசெய்யும் வரிசை முக்கியம். மதர்போர்டு அல்லது லேப்டாப் மாடலின் ஆதரவுப் பக்கத்திலிருந்து முதலில் சிப்செட் டிரைவர், பிறகு சேமிப்பகம், பிறகு லேன், வைஃபை, புளூடூத், ஆடியோ. கிராபிக்ஸை என்விடியா, ஏஎம்டி, இன்டெல் தளத்திலிருந்து நேராக எடுங்கள். லேப்டாப்பில் மட்டும் தயாரிப்பாளர் தரும் பதிப்பை முதலில் முயலுங்கள். "ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரையும் அப்டேட் செய்கிறேன்" என்று வரும் மென்பொருட்களை வைத்தே பிரச்சினை ஆரம்பித்த சிஸ்டங்கள் உண்டு. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கிராபிக்ஸ் டிரைவரைப் பழையதன் மேலேயே நிறுவுவது, குறிப்பாக விண்டோஸ் 10-ஐ அழிக்காமல் 11-க்கு அப்கிரேட் செய்த சிஸ்டத்தில், பழைய எச்சங்களை அப்படியே விட்டுவிடும். புதிய டிரைவரை முன்னமே டவுன்லோடு செய்து வையுங்கள். இணையத்தைத் துண்டியுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட் நடுவில் புகுந்து தன் பங்குக்கு ஒன்றைப் போட்டுவிடும். சேஃப் மோடில் நுழைந்து டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் கருவியால் பழையதைத் துடைத்து, ரீஸ்டார்ட் செய்து, புதியதை நிறுவிய பிறகே இணையத்தைக் கொடுங்கள்.

அப்கிரேட் செய்தவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பழைய ஓஎஸ்ஸிலிருந்து கூடவே வந்த கெர்னல் அளவு டிரைவர்கள். மூன்றாம் தரப்பு ஆன்ட்டிவைரஸ், பழைய விபிஎன், விர்ச்சுவல் மெஷின் மென்பொருள், ஃபேன் வேகத்தையும் ஆர்ஜிபி விளக்கையும் கட்டுப்படுத்தும் கருவிகள் ஆகியவை அடிக்கடி மாட்டும் கூட்டம். அவற்றை நீக்கிவிட்டு ஓடவிட்டுப் பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் என்று போனால் மெமரி இன்டெக்ரிட்டி என்ற சுவிட்ச் இருக்கும். அதை இயக்க முடியாமல் "ஒத்துவராத டிரைவர்கள்" என்று பட்டியல் காட்டினால், சந்தேகப்பட வேண்டியவர்களின் பெயர் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்துவிட்டது.

ஸ்லீப்புக்குப் பிறகோ, அணைத்துப் போட்ட அடுத்த முறையோ மட்டும் விழுகிறது என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள். அது இயங்கும்போது ஷட்டவுன் என்பது உண்மையான ஷட்டவுன் இல்லை. கெர்னலின் நிலையை டிரைவில் சேமித்து அடுத்த முறை அதையே எழுப்புகிறது. கெட்ட நிலையில் இருந்த டிரைவர் கெட்ட நிலையிலேயே எழும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், "சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ" என்ற இடத்தில் அந்த டிக் இருக்கிறது.

இதற்கும் பிடிபடாத டிரைவருக்கு டிரைவர் வெரிஃபையர் இருக்கிறது. இது டிரைவர்களை வேண்டுமென்றே கண்டிப்புடன் சோதித்து, தப்பு செய்யும்போதே கிராஷ் ஆக்கிக் காட்டும். முதலில் ரீஸ்டோர் பாயின்ட் ஒன்று எடுங்கள். ஸ்டார்ட்டில் வெரிஃபையர் என்று தேடித் திறந்து கஸ்டம் செட்டிங்ஸைத் தேர்ந்தெடுங்கள். லோ ரிசோர்சஸ் சிமுலேஷன், டிடிஐ கம்ப்ளையன்ஸ் இரண்டையும் விட்டுவிடுங்கள். டிரைவர் பட்டியலில் மைக்ரோசாஃப்ட் தராதவற்றை மட்டும் குறியுங்கள். ஒரு நாள், அதிகபட்சம் இரண்டு நாள் ஓடவிட்டால் போதும். சிஸ்டம் மந்தமாகும், அது எதிர்பார்த்ததுதான். பூட் ஆகும்போதே விழுந்து விழுந்து எழுந்தால் சேஃப் மோடில் நுழைந்து, வெரிஃபையரைத் திறந்து, "டிலீட் எக்சிஸ்டிங் செட்டிங்ஸ்" கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். சேஃப் மோடுக்கு வழி தெரியாமல் இதை ஆரம்பிக்காதீர்கள்.

சிஸ்டம் ஃபைல்கள் கெட்டிருக்கலாம் என்று தோன்றினால் அட்மினிஸ்ட்ரேட்டர் டெர்மினலில் முதலில் டிஐஎஸ்எம் ரெஸ்டோர்ஹெல்த், பிறகு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் ஓட்டுங்கள். எஸ்எஃப்சி நல்ல பிரதியை எடுக்கும் களஞ்சியத்தைச் சரிசெய்வதே டிஐஎஸ்எம் என்பதால் இந்த வரிசை. தற்செயல் ரீஸ்டார்ட்டை இவை இரண்டும் குணப்படுத்துவது அபூர்வம். பிரச்சினைக்குக் காரணமாக இல்லாமல், பிரச்சினையின் விளைவாகவே ஃபைல்கள் கெட்டிருக்கும்.

மூன்றாம் வகை: தடமில்லாத ரீசெட்

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற ஏதாவது லினக்ஸை யுஎஸ்பியில் ஏற்றி, நிறுவாமல் லைவாக பூட் செய்து, வழக்கமாக விழும் இடைவெளியைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் ஓடவிடுங்கள். முடிந்தால் உள்ளே உள்ள எஸ்எஸ்டியின் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். அங்கேயும் விழுந்தால் உங்கள் ஓஎஸ் நிரபராதி. விழவில்லை என்றால் ஹார்டுவேர் நிரபராதி என்று ஆகிவிடாது, ஏனென்றால் லைவ் லினக்ஸ் கிராபிக்ஸ் கார்டை அவ்வளவு வேலை வாங்காது. ஆனால் சந்தேகத்தின் எடை டிரைவர், எஸ்எஸ்டி, பவர் செட்டிங் பக்கம் சாயும்.

அடுத்து நோட்டைத் திறந்து, சும்மா இருக்கும்போது விழுகிறதா, கடும் வேலையில் விழுகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் வழி வேறு.

கடும் வேலையில், குறிப்பாக கேம் தொடங்கிய சில நிமிடங்களில் விழுந்தால், முதல் சந்தேகம் பவர் சப்ளை. நவீன கிராபிக்ஸ் கார்டுகள் மில்லி செகண்ட் அளவில் தங்கள் சராசரியைவிட மிக அதிகமாக மின்சாரம் இழுக்கும். பழைய பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று அதை ஓவர்லோடு என்று எண்ணித் துண்டித்துவிடும். புதிய டிரைவர் கார்டை முன்பைவிட நன்றாக ஓட்டினாலே இது வெளிப்படும். செலவில்லாத சோதனை: எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி அதே கேமை ஓட்டுங்கள். ரீஸ்டார்ட் நின்றால் பவர் சப்ளை, கேபிள், கார்டு மூன்றுக்குள் ஒன்று. கார்டுக்கு இரண்டு பவர் இணைப்பு இருந்தால் ஒரே கேபிளின் இரட்டைத் தலையைச் செருகாமல் தனித்தனிக் கேபிள் கொடுங்கள்.

மல்டிமீட்டர் உள்ளவர்கள் லோடு ஓடும்போது மஞ்சள் கம்பிக்கும் கருப்புக் கம்பிக்கும் இடையே அளக்கலாம். 12 வோல்ட் தடத்துக்கு ஏற்கத்தக்க வரம்பு 11.40 முதல் 12.60 வரை, 5 வோல்ட்டுக்கு 4.75 முதல் 5.25 வரை. இந்த வரம்புக்கு வெளியே போனால் கெட்டுவிட்டது உறுதி. உள்ளே இருந்தால் நல்லது என்று உறுதி சொல்ல முடியாது, மில்லி செகண்ட் சரிவை மல்டிமீட்டர் காட்டாது. மென்பொருள் காட்டும் வோல்டேஜை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். நன்றாக ஓடுகிற இன்னொரு பவர் சப்ளையை மாட்டிப் பார்ப்பதுதான் கடைசி தீர்ப்பு. பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிபியு சூடானால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் பொதுவாக முழுதாக அணையும், ரீஸ்டார்ட் ஆகாது. ஆனால் பயாஸில் "ரெஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்" போன்ற செட்டிங் "பவர் ஆன்" என்று இருந்தால் மின்சாரம் துண்டாகி வந்ததும் தானே எழும், பார்ப்பதற்கு ரீஸ்டார்ட்போல இருக்கும். சோதனைக் காலத்துக்கு அதை "பவர் ஆஃப்" ஆக்குங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ கருவியில் சென்சார் பதிவை ஃபைலாகச் சேமிக்கவிட்டால், விழுவதற்கு முந்தைய நொடியின் வெப்பநிலை கடைசி வரியில் கிடைக்கும்.

சும்மா இருக்கும்போது விழுவது வேறு கதை. வேலை இல்லாதபோது சிபியு ஆழ்ந்த சி-ஸ்டேட்டுகளுக்குப் போய் மிகக் குறைந்த மின்சாரத்தில் கிடக்கும். சில பவர் சப்ளைகளுக்கு அவ்வளவு குறைந்த லோடு ஒத்துக்கொள்ளாது. ஆரம்பகால ரைசன் சிபியுக்களில், அதுவும் லினக்ஸில், இது நன்கு அறியப்பட்ட தொல்லை. பயாஸில் "பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்" என்பதை "டிபிகல் கரன்ட் ஐடில்" என்று மாற்றினால் பலருக்கு அதோடு தீர்ந்துவிட்டது. அந்த செட்டிங் இல்லாத போர்டில் குளோபல் சி-ஸ்டேட் கன்ட்ரோலை அணைத்துச் சோதிக்கலாம்.

ரைசனில் கர்வ் ஆப்டிமைசரை மைனஸில் வைத்தவர்களுக்கும் இதே அறிகுறி வரும். பல மணி நேரம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் தாங்கிய சிஸ்டம், வெப் பக்கத்தைத் திறக்கும்போது விழும். முழு லோடில் கோர்கள் நடுத்தர வேகத்தில்தான் ஓடும், ஒற்றைக் கோருக்கு வேலை வரும்போதுதான் உச்ச வேகத்துக்குப் பாயும், அங்கேதான் வோல்டேஜ் போதாமல் போகிறது. அப்போது டபிள்யூஎச்இஏ 18-ல் "கேஷ் ஹையராக்கி எரர்" என்றும் ஒரு ஏபிஐசி எண்ணும் (எந்தக் கோர் என்று காட்டும் அடையாளம்) இருக்கும். அந்த எண் ஒவ்வொரு முறையும் ஒன்றேயானால் குறிப்பிட்ட ஒரு கோர்தான் தடுமாறுகிறது. எதையும் மாற்றாத இயல்பு செட்டிங்கிலேயே இப்படி வந்தால் வாரண்டியில் சிபியுவைக் கொடுங்கள்.

இன்டெல் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிபியு வைத்திருப்பவர்கள் பயாஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது. அதிக வோல்டேஜால் சிபியு மெல்ல மெல்லக் கெடும் பிரச்சினையை இன்டெல் ஒப்புக்கொண்டு 2024-ல் மைக்ரோகோடு (சிபியுவுக்குள் ஓடும் மென்பொருள்) திருத்தங்களை வெளியிட்டது, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. அந்தத் திருத்தம் இனி கெடாமல் காக்கும், ஏற்கெனவே கெட்டதை மீட்காது. அப்டேட்டுக்குப் பிறகும் விழுந்தால் மாற்றித் தரக் கேளுங்கள்.

ரேமுக்கு மெம்டெஸ்ட்86 பிளஸை யுஎஸ்பியிலிருந்து பூட் செய்து குறைந்தது நான்கு பாஸ் (முழுச் சுற்று) ஓட்டுங்கள், இரவு முழுக்க விட்டால் இன்னும் நல்லது. ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், "ஒன்றுதானே" என்று விடக்கூடாது. பிழை வந்தால் ஒரு ஸ்டிக்கை மட்டும் வைத்து, சிபியுவிலிருந்து எண்ணும்போது இரண்டாவது ஸ்லாட்டில், ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். எக்ஸ்எம்பி அணைத்ததும் பிழை மறைந்தால் ரேம் கெடவில்லை. அந்த வேகம் அந்தப் போர்டுக்கும் சிபியுவுக்கும் ஒத்துவரவில்லை, ஒரு படி குறைத்து ஓட்டலாம். டிடிஆர்5 போர்டில் செட்டிங் மாற்றிய முதல் பூட்டில் திரை சில நிமிடம் கருப்பாகவே இருக்கும். மெமரி டிரெய்னிங் நடக்கிறது, பதறிப் பவரை அணைக்காதீர்கள்.

பயாஸை முழுதாக இயல்புக்குக் கொண்டுவர சிமாஸை (பயாஸ் செட்டிங் சேமிக்கப்படும் இடம்) அழிப்பதாக இருந்தால், அதற்கு முன் சேமிப்பக மோடு ஏஎச்சிஐயா, ரெய்டா, விஎம்டியா என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஓஎஸ் நிறுவியபோது இருந்த மோடு மாறிவிட்டால் விண்டோஸ் பூட் டிரைவைக் காணாமல் பக்செக் 7பி எண்ணோடு சுற்றிச் சுற்றி ரீஸ்டார்ட் ஆகும், பழைய பிரச்சினை தீர்ந்ததா என்றே தெரியாது.

கேபினட்டைத் திறந்திருந்தால் பவர் சப்ளையிலிருந்து வரும் 24 பின், சிபியு 8 பின் இணைப்புகளை ஒரு முறை அழுத்திச் செருகுங்கள். முன்பக்க ரீசெட் பட்டனின் இரண்டு பின் கம்பியை போர்டிலிருந்து கழற்றி வைத்துச் சோதியுங்கள். ஒட்டிக்கொள்ளும் ரீசெட் பட்டன் தடமில்லாத ரீஸ்டார்ட்டுக்கு அச்சு அசல் காரணம், அதைச் சோதிக்க அரை நிமிடம் போதும்.

லினக்ஸுக்கு மாறியவர்களுக்கு

முந்தைய பூட்டின் பதிவு வேண்டும். ஜர்னல்சிடிஎல் கட்டளைக்கு "பி" தெரிவோடு மைனஸ் 1 கொடுத்தால் அது கிடைக்கும். பதிவே இல்லை என்றால் ஜர்னல் (லினக்ஸின் லாக்) மெமரியில் மட்டும் சேமிக்கப்படுகிறது. ஜர்னல்டி அமைப்புக் கோப்பில் ஸ்டோரேஜ் என்பதை "பெர்சிஸ்டென்ட்" ஆக்கி, அடுத்த ரீஸ்டார்ட்டுக்குக் காத்திருங்கள். கடைசி வரிகளில் சேவைகள் ஒவ்வொன்றாக நிற்பது தெரிந்தால் உத்தரவின்பேரில் நடந்தது. வாக்கியம் பாதியில் அறுந்ததுபோல நின்றால் ரீசெட். இயல்பான அமைப்பில் லினக்ஸ் கெர்னல் பேனிக் ஆனால் உறைந்து நிற்கும், ரீஸ்டார்ட் ஆகாது. ஆகவே தானே எழுந்தால் ஹார்டுவேர் ரீசெட்டோ வாட்ச்டாக் டைமரோ (சிஸ்டம் உறைந்தால் ரீசெட் செய்யும் கடிகாரம்) என்று யோசிக்கலாம். கெர்னல் அமைப்பில் பேனிக் என்பதற்குப் பூஜ்ஜியம் தவிர்த்த எண் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்யுங்கள். சில விநியோகங்கள் அதை மாற்றி வைத்திருக்கலாம்.

செய்ய வேண்டியவை: இன்டெல் அல்லது ஏஎம்டி மைக்ரோகோடு பேக்கேஜ் நிறுவப்பட்டிருக்கிறதா பாருங்கள். என்விடியா கார்டு என்றால் ஓப்பன் சோர்ஸ் நூவோ டிரைவரிலிருந்து என்விடியாவின் சொந்த டிரைவருக்கு மாறிச் சோதியுங்கள். ராஸ்டீமன் சேவையை இயக்கினால் மெஷின் செக் (ஹார்டுவேர்) பிழைகள் பதிவாகும். என்விஎம்இ எஸ்எஸ்டி நடுவில் மறைந்துபோவதாக ஜர்னலில் தெரிந்தால், என்விஎம்இ கோர் மாட்யூலின் அதிகபட்ச பவர் ஸ்டேட் தாமதத்தைப் பூஜ்ஜியமாக்கி பூட் செய்யுங்கள், அது எஸ்எஸ்டியை ஆழ்ந்து தூங்கவிடாது. புதிய கெர்னலில் மட்டும் வந்தால் பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து ஓட்டுவதே எளிய ஒப்பீடு.

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஐந்தைச் சேர்த்து மாற்றினால் எது மருந்து என்று தெரியாது, மறுபடி வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழுது இருந்தபோது நோட்டில் பதிவான மிக நீண்ட இடைவெளி இரண்டு நாள் என்றால் ஆறு நாளாவது விழாமல் ஓடிய பிறகே சரியானது என்று சொல்லுங்கள்.

விண்டோஸ் 11-க்கு அப்கிரேட் செய்து 10 நாள் ஆகவில்லை என்றால் ரெகவரி பக்கத்தில் "கோ பேக்" வசதி இருக்கும். அதைத் தீர்வாக மட்டும் இல்லாமல் சோதனையாகவும் பயன்படுத்தலாம்: பழையதற்குத் திரும்பிய பிறகும் விழுந்தால் வழக்கு ஹார்டுவேர் பக்கம் முடிந்தது. அப்கிரேட் செய்த சிஸ்டத்தில் டிரைவர் எச்சம் எவ்வளவு துடைத்தும் தீரவில்லை என்றால் சுத்தமாக அழித்து நிறுவுங்கள். லைவ் லினக்ஸிலேயே விழுந்த சிஸ்டத்துக்கு அந்த வேலை வீண்.

எல்லாம் முடிந்ததும் வெரிஃபையர் அணைந்திருக்கிறதா பாருங்கள், ஏசி பவர் லாஸ் செட்டிங்கைப் பழையபடி வையுங்கள், எக்ஸ்எம்பியைக் கடைசியாக இயக்கி மெம்டெஸ்டை இன்னொரு இரவு ஓடவிடுங்கள்.